கிணற்றடிச் சிக்னலும் செய்மதித் தொலைபேசியும்

ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா நல்லூர்த் திருவிழாவுக்கு வரப்போவதாகச் சொன்னார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார். "தம்பி, போனமுறை வந்து நிண்டபோது வீட்டுக்குள்ள ஒரு கோடு சிக்னலும் இல்லை. ஒவ்வொரு ரெலிபோன் கோளுக்கும் கிணத்தடிக்கு ஓடவேண்டிக் கிடந்தது. இந்தமுறை ஒரு சற்லைட் போன் வாங்கிக்கொண்டு வரட்டோ? அதுக்குத்தான் டவரே தேவையில்லையாமே."

வீடு யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான புங்குடுதீவில். பழைய நாற்சார் வீடு. சுண்ணாம்புக் கல்லில் கட்டிய தடித்த சுவர். உள்ளே சிக்னல் வராதது உண்மைதான். ஆனால் செய்மதித் தொலைபேசி வாங்கினால் அந்தக் குறை தீராது, கூடும். அதைச் சொன்னபோது சித்தப்பா நம்பவில்லை. ஏன் என்று விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம் பிடித்தது. அந்த ஒரு மணித்தியாலக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் கையில் இருக்கும் சாதாரணத் தொலைபேசியில் இருந்து தொடங்கலாம். அதுவும் ஒரு வானொலிக் கருவிதான். பேசும்போது அலை அனுப்புகிறது, கேட்கும்போது அலை வாங்குகிறது. ஆனால் அந்த அலை நேராகக் கனடாவுக்குப் போவதில்லை. பக்கத்தில் இருக்கும் கோபுரம் வரைக்கும்தான் அதன் ஓட்டம். கோபுரத்துக்கு அப்பால் பெரும்பாலும் கம்பி வழி, கண்ணாடி இழை வழி, கடலடிக் கேபிள் வழி. 'கம்பியில்லாத் தொலைபேசி' என்கிறோமே தவிர, கம்பியில்லாத பகுதி பெரும்பாலும் கடைசிச் சில கிலோமீற்றர் மட்டுமே.

சரி, ஒரு கோபுரம் எவ்வளவு தூரம் எட்டும்? பருத்தித்துறை வெளிச்சவீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் கடலுக்குப் போகிறவர்களுக்கு அதன் விளக்கு ஒரு தூரம் வரை தெரியும். பிறகு மெல்லத் தாழ்ந்து கடலுக்குள் இறங்கிவிடும். விளக்கின் பலம் குறைந்துவிடவில்லை. பூமி உருண்டை என்பதால் நடுவில் கடலின் முதுகு எழும்பி மறைக்கிறது. தொலைபேசி அலையும் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும், சற்றே வளையும். 50 மீற்றர் உயரக் கோபுரம் ஒன்றைக் கடற்கரையில் நட்டால், வள்ளத்தில் இருப்பவருக்கு அது 30, 35 கிலோமீற்றருக்குள் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. கண்டியைப்போல மலை உச்சியில் கோபுரத்தை ஏற்றித் தூரத்தைக் கூட்டும் வசதி எங்களுக்கு இல்லை. அதே நேரம் நடுவில் நின்று மறைக்கும் மலையும் இல்லை என்பது ஒரு ஆறுதல்.

பழைய 2ஜி முறையில் இன்னொரு வரம்பும் உண்டு, அதுவும் தற்செயலாக 35 கிலோமீற்றரில்தான் வந்து நிற்கிறது. 2ஜி கோபுரம் ஒரே அலைவரிசையைப் பலருக்கு நேரம் பிரித்துக் கொடுக்கிறது. ஒவ்வொருவருக்கும் செக்கனின் மிகச் சிறிய துண்டு. தூரத்தில் இருப்பவரின் அலை வந்துசேரக் கொஞ்சம் பிந்தும். அந்தப் பிந்தலுக்கு இடம் விட்டுத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 35 கிலோமீற்றரைத் தாண்டினால் உங்கள் குரல் அடுத்தவருடைய துண்டுக்குள் போய் விழும். ஆகவே கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தாலும் அது உங்களைச் சேர்க்காது.

இவ்வளவையும் கேட்டால், கோபுரங்களை இன்னும் உயரமாக, இன்னும் பலமாகக் கட்டினால் என்ன என்று தோன்றும். அங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. கைத்தொலைபேசி வலையமைப்பைத் திட்டமிட்டவர்கள் கோபுரத்தின் எட்டத்தை வேண்டுமென்றே குறுக்கினார்கள். 'செல்' என்ற பெயரே அதில் வந்ததுதான். தேன்கூட்டு அறைகளைப்போல ஊரைச் சிறுசிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சின்னக் கோபுரம். கிடைக்கும் அலைவரிசை கொஞ்சம்தான். ஒரு பெரிய கோபுரம் குடாநாடு முழுவதற்கும் அதைப் பயன்படுத்தினால், குடாநாடு முழுவதும் அந்தக் கொஞ்சத்தையே பங்குபோட வேண்டும். சின்னக் கோபுரங்கள் என்றால் சாவகச்சேரியில் பயன்படும் அலைவரிசையை மானிப்பாயில் திரும்பவும் பயன்படுத்தலாம். ஒன்றை ஒன்று குழப்பாது.

நல்லூர்த் தேரன்று இது கண்கூடாகத் தெரியும். கோவில் வீதியில் நிற்கும்போது தொலைபேசியில் சிக்னல் கோடுகள் நிறைய இருக்கும். ஆனால் கோள் போகாது, படம் ஏறாது. கோபுரம் பக்கத்தில்தான் நிற்கிறது. அதன் கொள்ளளவுதான் போதவில்லை. அதனால்தான் பெருங்கூட்டம் கூடும் இடங்களில் தற்காலிகமாக நடமாடும் கோபுரங்களைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். எட்டம் வேறு, கொள்ளளவு வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மீதிக் கதை லேசு.

இப்போது கோபுரத்தைப் பிடுங்கி வானத்தில் வையுங்கள். செய்மதித் தொலைபேசி என்பது அவ்வளவுதான். சித்தப்பா சொன்னதுபோல 'டவர் தேவையில்லை' என்பது சரியில்லை. டவர் தேவை, அது தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான, சிலவேளை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது.

எந்த உயரம் என்பதில் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிறுத்துவது. அந்த உயரத்தில் செய்மதி ஒரு சுற்றுச் சுற்ற எடுக்கும் நேரமும் பூமி தன்னைத்தானே சுற்றும் நேரமும் ஒன்று. ஆகவே கீழே இருந்து பார்த்தால் அது அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். இப்படி மூன்று செய்மதிகள் இருந்தால் ஏறக்குறைய உலகம் முழுவதும் பேசலாம் என்று 1945இல் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அவர் பின்னாளில் இலங்கைக்குக் குடிவந்து, 2008இல் கொழும்பில் காலமானார் என்பது எங்களுக்குக் கொஞ்சம் பெருமை. கப்பல்களுக்காக 1979இல் தொடங்கிய இன்மார்சாற்றும், அரபு நாட்டுத் துரையாவும் ஆகிய இரண்டு செய்மதித் தொலைபேசிச் சேவைகளும் இந்த வழி. 'துரையா' என்பது அரபியில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் பெயர்.

இந்த உயரத்துக்கு ஒரு விலை உண்டு. ஒளியின் வேகத்தில் போனாலும் அலை மேலே ஏறிக் கீழே இறங்கக் கால் செக்கன் எடுக்கும். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் வர அரைச் செக்கன். எண்ணிப் பார்த்தால் சின்ன நேரம்தான். ஆனால் பேசிப்பார்த்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொடங்குவதும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்துவதும், "நீங்கள் சொல்லுங்கோ", "இல்லை நீங்கள் சொல்லுங்கோ" என்று மரியாதை பார்ப்பதுமாகப் பாதி நேரம் போகும்.

இரண்டாவது வழி தாழ்வான செய்மதிகள். இரிடியம் நிறுவனத்தின் செய்மதிகள் ஏறக்குறைய 780 கிலோமீற்றர் உயரத்தில், மணிக்கு 27,000 கிலோமீற்றர் வேகத்தில் துருவம் விட்டுத் துருவம் ஓடுகின்றன. அந்த அளவு பிந்தல் இல்லை. ஆனால் எந்தச் செய்மதியும் தலைக்கு மேல் நிற்காது. ஒன்று அடிவானத்தில் எழும்பி மறைய அதிகம் போனால் பத்து நிமிடம். அது போவதற்குள் அடுத்தது கோளைக் கையேற்க வேண்டும். சாதாரணத் தொலைபேசியில் நாங்கள் பஸ்ஸில் போகும்போது கோபுரம் விட்டுக் கோபுரம் மாறுகிறோம். இங்கே நாங்கள் அசையாமல் நிற்கிறோம், கோபுரங்கள் பஸ்ஸில் போகின்றன.

முதலில் 77 செய்மதிகள் என்று திட்டமிட்டு, தனிம அட்டவணையின் 77ஆம் தனிமமான இரிடியத்தின் பெயரை வைத்தார்கள். பிறகு 66 போதும் என்று கண்டார்கள். 66ஆம் தனிமத்தின் பெயர் டிஸ்புரோசியம். அந்தப் பெயரில் போன் விற்க முடியாது என்று நினைத்திருப்பார்கள் போலும், பழைய பெயரையே விட்டுவிட்டார்கள். 1998 நவம்பரில் சேவை தொடங்கியது. அடுத்த வருடமே நிறுவனம் வங்குரோத்தானது. கைத்தொலைபேசிக் கோபுரங்கள் உலகமெங்கும் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. பிறகு புதுக் கைகளுக்கு மாறிப் பிழைத்துக்கொண்டது.

இரிடியத்தின் தனிச் சிறப்பு, செய்மதிகள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வது. கோள் ஒன்று செய்மதிக்குச் செய்மதி தாவிப்போய், உலகின் வேறொரு மூலையில் இருக்கும் தரை நிலையத்தில் இறங்கும். பொதுமக்கள் கோள்களுக்கான அந்த நிலையம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கிறது. அதாவது நெடுந்தீவில் இருந்து இரிடியத்தில் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு ஒரு கோள் எடுத்தால், அது அரிசோனாவைப் பார்த்துவிட்டுத்தான் யாழ்ப்பாணம் வரும். குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வள்ளம் பிடித்துப் போவதைவிடக் கெதியாக வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

இனிச் சித்தப்பாவின் சுவருக்கு வருவோம்.

வெளிச்சம்போலவே வானொலி அலையும் தூரம் போகப் போகப் பரந்து மெலியும். தூரம் இரண்டு மடங்கானால் பலம் நான்கில் ஒன்று. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. கோபுரம் 3 கிலோமீற்றரில் இருக்கிறது, செய்மதி 780 கிலோமீற்றரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் 260 மடங்கு. ஆகவே மெலிவு 67,600 மடங்கு. 35,786 கிலோமீற்றர் என்றால் மெலிவு 14 கோடி மடங்கு. இதை ஈடுகட்டத்தான் செய்மதியில் பெரிய அன்ரனா வைக்கிறார்கள். துரையாவின் அன்ரனாவின் விட்டமே 12 மீற்றர். போனிலும் அதனால்தான் விரல் தடிப்பில் நீட்டி மடக்கும் அன்ரனா இருக்கிறது. இத்தனை செய்தபிறகும் வந்துசேரும் அலைக்கு ஒரு சுவரைத் தாண்டும் தெம்பு மிச்சம் இருக்காது. கோபுரத்து அலை கிட்டத்தில் இருந்து வருவதால் சுவரில் பாதியை இழந்தாலும் மீதி உள்ளே வரும். செய்மதி அலை சுவரில் முட்டினால் முடிந்தது. ஓட்டுக் கூரை, தட்டுக் கூரை, மழைக்கு நனைந்த வேப்பமரத்துக் கொப்பு, எல்லாமே அதற்கு இடைஞ்சல்தான்.

"நாற்சார் முற்றத்தில நிண்டு எடுக்கலாம்தானே?" என்றார் சித்தப்பா. நல்ல கேள்வி. முற்றத்தில் இருந்து பார்த்தால் நேர்மேலே ஒரு சதுர வானம் தெரியும். ஓடும் செய்மதி ஒன்று அந்தச் சதுரத்தைக் கடக்கும் நேரம் கோள் கிடைக்கும். கூரை விளிம்பில் மறைந்தவுடன் அறுந்துவிடும். துருவப் பாதையில் ஓடுவதால் இரிடியம் செய்மதிகள் துருவப் பகுதியில் நெருக்கமாகவும், எங்களைப்போலப் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு ஐதாகவும் இருக்கும். கனடாவின் வடகோடியில் இருப்பவருக்கு ஒன்று மறைந்தாலும் இன்னொன்று தெரியும். புங்குடுதீவில் அந்த வசதி குறைவு. நிற்கும் செய்மதி என்றால் துரையாவின் ஒன்று எங்களுக்கு மேற்கு வானில் சரிவாக இருக்கிறது. சதுரத்துக்குள் அது வராமலே போகலாம். வடிவாகப் பேசவேண்டும் என்றால் நாலு பக்கமும் வானம் திறந்திருக்கும் இடத்துக்குப் போகவேண்டும்.

கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, "அப்ப அதுக்கும் கிணத்தடிக்குத்தான் போகவேணுமோ?" என்றார்.

"ஓம் சித்தப்பா."

கொள்ளளவிலும் அதே கதை. இரிடியம் செய்மதி ஒன்று கீழே 48 அலைக்கற்றைகளை விரிக்கிறது. ஒரு கற்றையின் அகலம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பருத்தித்துறைக்கும் தெய்வேந்திரமுனைக்கும் இடையில் உள்ள தூரம் அதைவிடக் கொஞ்சம்தான் கூட. யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கான கோபுரங்கள் பகிரும் வேலையை ஒரே கற்றை பார்க்கவேண்டும் என்றால் என்னவாகும் என்று நல்லூர் வீதியில் நின்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் விலை. கருவி ஆயிரம் அமெரிக்க டொலரை ஒட்டி, கோள் நிமிடத்துக்கு ஒரு டொலருக்கு மேல். நாங்கள் இங்கிருந்து 8816 என்று தொடங்கும் அந்த எண்ணுக்கு எடுத்தால் இன்னும் கூட. அப்புறம் வேகம்: இரிடியம் கைக்கருவியின் பழைய தரவு வேகம் செக்கனுக்கு 2.4 கிலோபிட். வட்ஸ்அப்பில் அனுப்பும் 3 மெகாபைட் படம் ஒன்று அதில் போய்ச்சேர இரண்டேமுக்கால் மணித்தியாலம் ஆகும்.

பிறகு யாருக்குத்தான் இது உதவும்? கடலில் இருப்பவர்களுக்கு. ஆனால் எந்தக் கடலில் என்று பார்க்கவேண்டும். பாக்கு நீரிணையில் வள்ளத்தில் போய் விடியத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் கரைக் கோபுரங்களின் எட்டத்துக்குள்ளேயே இருப்பார்கள். அந்தப் பக்கம் போனால் இந்தியக் கோபுரம் வந்து வரவேற்றுக் குறுஞ்செய்தி அனுப்பும். வடமராட்சி கிழக்கில் இருந்து வங்காள விரிகுடாவுக்குள் இறங்குகிறவர்கள் நிலை வேறு. கரை பின்னால் போய்விட்டால் அடுத்த கோபுரம் அந்தமானில்தான். 2017இல் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை கரையில் இருந்தது. அதை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வழி இல்லை. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டு அரசு ஆழ்கடல் விசைப்படகுகளுக்குச் செய்மதித் தொலைபேசி வாங்க மானியம் கொடுக்கத் தொடங்கியது.

சின்ன வள்ளக்காரருக்கு என் யோசனை வேறு. பேசத் தேவையில்லை, ஆபத்தில் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொன்னால் போதும் என்றால், 406 மெகாஹேர்ட்ஸில் இயங்கும் அவசரச் சமிக்ஞைக் கருவி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் செய்மதி வழியாக மீட்புப் படைக்குச் செய்தி போகும். மாதக் கட்டணம் கிடையாது. இந்த ஏற்பாட்டைப் பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கனடாவோடும் பிரான்ஸோடும் சேர்ந்து உருவாக்கின. 1982இல் இருந்து உயிர்களைக் காப்பாற்றி வருகிறது. கடலில் தவிப்பவன் எந்த நாட்டுக்காரன் என்று அப்போதாவது யாரும் கேட்கவில்லை.

அடுத்தது புயல். கோபுரம் விழுந்தால்தான் சிக்னல் போகும் என்று இல்லை. கரண்ட் நின்றால் கோபுரம் பற்றரியில் சில மணித்தியாலம் ஓடும். ஜெனரேற்றர் இருந்தால் டீசல் இருக்கும்வரை ஓடும். வெள்ளத்தில் ரோட்டு மூடினால் டீசல் வராது. கோபுரம் உயிரோடு இருந்தாலும் அதைக் கொழும்போடு இணைக்கும் இழை அறுந்தால் அது ஊமைதான். 2020 டிசம்பரில் புரெவி புயல் வந்தபோது குடாநாட்டில் மழையையும் வெள்ளத்தையும் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் கற்பனை இல்லை. செய்மதித் தொலைபேசி ஊரில் இருக்கும் எந்தக் கம்பியையும் நம்பி இல்லை. ஆகவே ஒரு மாவட்டத்தில் பத்துப் பேரிடம், சரியான பத்துப் பேரிடம், அது இருக்கவேண்டும். பத்தாயிரம் பேரிடம் இருந்தால் அன்றைக்கு அதுவும் தேர்த்திருவிழா ஆகிவிடும்.

சித்தப்பா விடவில்லை. "என்ர ஐபோனிலயே சற்லைட் இருக்கெண்டு போட்டிருக்கு." இருக்கிறது. 2022இல் வந்த 14ஆம் வரிசையில் இருந்து ஐபோனில் அவசரச் செய்தியைச் செய்மதி வழியாக அனுப்பும் வசதி உண்டு. குளோபல்ஸ்டார் செய்மதிகள் அதைச் சுமக்கின்றன. கனடாவில் அது வேலை செய்யும். இலங்கை அந்த வசதி கிடைக்கும் நாடுகளின் பட்டியலில் இல்லை. விமானம் ஏறி இங்கே வந்து இறங்கினால் அது வெறும் போன்தான்.

ஸ்டார்லிங்க் வேறு பிராணி. 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த அந்தச் சேவை வீட்டுக்கான இணையம். தட்டு ஒன்றைக் கூரையில் வைத்தால் 500 கிலோமீற்றரை ஒட்டிய உயரத்தில் ஓடும் செய்மதிகளோடு அது பேசும். வீட்டுக்குள் வைஃபை வரும். கைக்குள் அடங்கும் போனின் சின்ன அன்ரனாவைவிடத் தட்டு பலமடங்கு பெரிது, வானத்தைப் பார்த்து வெளியில் இருக்கிறது. அதனால்தான் அதில் படம் பார்க்கலாம். ஆனால் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கடலுக்குப் போக முடியாது, கரண்டும் வேண்டும்.

இன்னொன்றையும் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். சித்தப்பா சென்னை வழியாகப் பலாலிக்கு வருவதாக இருந்தார். இந்தியாவில் அனுமதியில்லாமல் இரிடியம், துரையா போன்களை வைத்திருந்தாலே குற்றம். 2008 மும்பைத் தாக்குதலில் தாக்கியவர்கள் செய்மதித் தொலைபேசி பாவித்ததிலிருந்து கெடுபிடி இன்னும் கூடிவிட்டது. பையில் இருந்ததற்காகவே வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்தில் கைதாகி இருக்கிறார்கள். இலங்கையிலும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் அலை அனுப்பும் கருவிகளைக் கொண்டுவரக் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்க, யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்குச் 'சற்லைட் போன்' என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றுக்குள் ஏதோ செய்யும். போர்க்காலத்தில் அந்தக் கருவி யாரிடம் இருந்தது, அதற்காக யார் யார் விசாரிக்கப்பட்டார்கள் என்பதெல்லாம் பலருக்கு நினைவில் இருக்கிறது. 1983இல் நாட்டை விட்டு வெளிக்கிட்ட சித்தப்பாவுக்கு அந்தப் பயம் தெரியாது.

கடைசியில் என்ன செய்தோம்? சிக்னல் எங்கே இருக்கிறது என்று எங்களுக்கு ஏற்கெனவே தெரியும்: கிணற்றடியில். அங்கே பழைய துலாக்கால் ஒன்று இன்னும் நிற்கிறது. மோட்டர் வந்த நாளில் இருந்து அதற்கு வேலை இல்லை. வெளியில் பொருத்தும் 4ஜி ரவுட்டர் ஒன்றை வாங்கி, கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து அதில் கட்டினோம். அதில் இருந்து ஒரு கேபிளை இழுத்து, சுவரில் துளைபோட்டு, வீட்டுக்குள் வைஃபை கொடுத்தோம். சுவரைத் தாண்டமுடியாத அலையைக் கம்பியில் ஏற்றிச் சுவருக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தாயிற்று. மொத்தச் செலவு, செய்மதித் தொலைபேசியின் விலையில் பத்தில் ஒரு பங்கு வராது.

சித்தப்பா இப்போது விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு ரொறன்ரோவோடு கதைக்கிறார். கிணற்றடிக்குக் குளிக்க மட்டும் போகிறார்.